பதினோராவது வரி

என் அண்ணி ஆம்புலன்ஸ் ஓட்டுகிறாள். பத்தொன்பது வருடமாக ஓட்டுகிறாள். சாலையில் அவள் வண்டிக்கு எல்லோரும் ஒதுங்கி வழிவிடுவார்கள். வீட்டிலும் கிட்டத்தட்ட அப்படித்தான். அவள் ஒன்றை முடிவு செய்துவிட்டால் நாங்கள் ஓரங்கட்டி நின்றுவிடுவோம். சைக்கிள் கடை வைத்திருக்கும் என் அண்ணன், "உங்க அண்ணிக்கு சைரன் வண்டியில இல்ல, தொண்டையில இருக்கு" என்பான், அவள் காதில் விழாத தூரமா என்று பார்த்துக்கொண்டு.

நான் காப்பீட்டு அலுவலகத்தில் குமாஸ்தா. இழப்பீடு கேட்டு வரும் படிவங்களைப் படித்து, எந்தச் சான்றிதழ் இணைக்கவில்லை, எந்தக் கட்டம் காலியாக இருக்கிறது என்று கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புவதுதான் என் வேலை. வீட்டில் என்னைக் குண்டூசி என்று கூப்பிடுவார்கள். காகிதத்தைக் கண்டால் குத்தாமல் விடமாட்டேனாம்.

ஆம்புலன்ஸ் கூப்பிட்ட வீடுகளில் பல சமயம் கதவைத் திறப்பது குழந்தைகள் என்று அண்ணி எப்போதோ கவனித்திருக்கிறாள். ஒன்பது வயது, பத்து வயது. அம்மாவுக்கு மூச்சு முட்டுகிறது, அப்பா கட்டிலிலிருந்து விழுந்துவிட்டார் என்று போன் செய்ததும் அவர்களே. மாத்திரைச் சீட்டு கையில் தயாராக இருக்கும். பெரியவர்கள் யாரும் இல்லையா என்று கேட்டால், "நான்தான் இருக்கேன்" என்று பதில் வரும். அதில் புகாரும் இருக்காது, பெருமையும் இருக்காது. கடிகாரம் பார்த்து மணி சொல்வதுபோலச் சொல்வார்களாம்.

அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு கோடை முகாம் நடத்த வேண்டும் என்று அண்ணி கிளம்பினாள். விடுமுறைக்கு மூடிக் கிடக்கும் ஒரு விடுதிப் பள்ளி ஏரிக்கரையில் இருந்தது. அதைக் கேட்டு வாங்கினாள். அவளோடு வேலை பார்க்கும் ஓட்டுநர்கள் பணமும் போட்டுக் கை கொடுத்தார்கள். முதல் வருடம் பதினெட்டுப் பிள்ளைகள் வந்தார்கள்.

மூன்றாம் நாள் காலை ஒரு பெண்ணைக் காணோம். பத்து வயது. அப்பாவுக்கு எந்த மருந்து எத்தனை மணிக்கு என்பதைச் சொல்லிக்கொண்டே இருப்பாள் என்பதால் மற்ற பிள்ளைகள் அவளுக்கு அலாரம் என்று பெயர் வைத்திருந்தார்கள். நாலு கிலோமீட்டர் தள்ளி, பேருந்து நிறுத்தத்தில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்குப் போன் போட்டிருக்கிறாள், அப்பா எடுக்கவில்லை. அவர் தூங்கிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். ஆனால் அது அவளுக்கு எப்படித் தெரியும்?

அண்ணி அவளை வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பினாள். முகாமில் சமையல் உதவிக்குப் போயிருந்த என் எதிரே, சமையலறையில் வந்து உட்கார்ந்தாள்.

"தப்பு நம்ம மேலதான்," என்றாள். "பிள்ளையை மட்டும் கூட்டிட்டு வந்துட்டோம். அது தலையில இருக்கிற வீட்டை இறக்கி வைக்கல."

அடுத்த வருடம் முப்பது பிள்ளைகள் என்று வைத்துச் செலவுத் திட்டத்தைத் தயாரித்தபோது இடம், சாப்பாடு, வண்டி, மருந்துப் பெட்டி என்று பத்து வரிகள் போட்டுவிட்டு, பதினோராவது வரியை அண்ணி தன் கையாலேயே எழுதினாள்: மாற்று ஆள். பிள்ளை முகாமில் இருக்கும் பத்து நாளும், நோயாளியைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஒருவர் அந்த வீட்டில் இருக்க வேண்டும். அந்த ஒரு வரி மற்ற பத்தையும் சேர்த்து வைத்தாலும் பெரிதாக இருந்தது. ஓட்டுநர்கள் கொடுப்பது இனி எந்த மூலைக்கும் போதாது என்று புரிந்தது.

அப்படித்தான் நான் இதற்குள் முழுதாக வந்தேன். "நீ தினமும் ஆயிரம் படிவத்தைத் திருப்பி அனுப்பறவ. திரும்பி வராத மாதிரி ஒண்ணு எழுதத் தெரியாதா?" என்றாள் அண்ணி. எனக்குத் தெரியும் என்றுதான் நானும் நினைத்தேன்.

முதல் முகாமுக்கு வெகு முன்பே அண்ணி இதைச் சங்கமாகப் பதிவு செய்திருந்தாள், அப்போது அதற்கு மூன்று வருடம் ஆகியிருந்தது. அலுவலகப் பழக்கத்தில் ஒரு நீளநோட்டு போட்டேன். நிதி கொடுக்கும் அறக்கட்டளைகளை வரிசையாக எழுதினேன், நாற்பத்திரண்டு தேறியது. ஒவ்வொன்றின் விதிமுறைகளிலும் முதலில் நான் படித்தது, யாருக்குக் கொடுக்க மாட்டோம் என்கிற பக்கத்தை. காப்பீட்டுப் பத்திரத்தையும் அப்படித்தான் படிக்க வேண்டும். என்ன தருவார்கள் என்பது பெரிய எழுத்தில் இருக்கும், எது கிடையாது என்பதில்தான் விஷயம் இருக்கும். ஒன்று கட்டடங்களுக்கு மட்டும். ஒன்று ஐந்து வருடத் தணிக்கை அறிக்கை கேட்டது. ஒன்று பரிசு வாங்கிய விளையாட்டு வீரர்களுக்கு. ஒன்று நோயாளிகளுக்கு மட்டும், குழந்தைத் திட்டங்கள் வேண்டாம் என்றது. இன்னொன்றுக்கு விண்ணப்பிக்க முடியாது, அவர்களாகக் கூப்பிட்டால்தான் உண்டு. சிவப்பு மசியால் அடித்துக்கொண்டே வந்தேன். ஒன்பது மிஞ்சியது. அந்த ஒன்பதில் எங்கள் தேவைக்கு ஈடுகொடுக்கும் அளவுக்குப் பெரியது ஒன்றே ஒன்று.

அந்தப் பெரிய அறக்கட்டளையின் படிவம் பதினாறு பக்கம். அண்ணி ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பூராவும் உட்கார்ந்து எழுதினாள். நான் வாங்கிப் படித்தேன்.

முகாமின் முடிவில் குழந்தைகள் என்னென்ன கற்றிருப்பார்கள், நூற்றைம்பது சொற்களுக்குள் எழுதுக என்று கேட்டிருந்தார்கள். அண்ணி, "எதுவும் இல்லை. வயதுக்கு மீறி ஏற்கெனவே கற்றுவிட்டார்கள்" என்று எழுதியிருந்தாள். நாள்வாரி நிகழ்ச்சி நிரல் என்ற இடத்தில், "சாப்பாட்டு நேரம் மட்டும் உண்டு. தூங்கும் பிள்ளையை அதற்கும் எழுப்ப மாட்டோம்" என்று இருந்தது. முன்னேற்றத்தை எப்படி அளப்பீர்கள் என்ற கேள்விக்கு ஒரு கோடு மட்டும் இழுத்து விட்டிருந்தாள்.

"அண்ணி, என் மேஜைக்கு இது வந்தா அரை நிமிஷத்துல திருப்பி அனுப்பிடுவேன்," என்றேன்.

"அனுப்பு. பொய்யின்னு சொல்லி அனுப்ப முடியாது இல்ல?"

எங்கள் அலுவலகத்தில் ஒருவருக்குத் தெரிந்த ஒருவர், சங்கங்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பதையே தொழிலாகச் செய்தார். எந்த வெயிலிலும் கோட்டைக் கழற்றாதவர். அண்ணன் அவருக்கு அன்றே கோட்டு என்று பெயர் வைத்துவிட்டான். கோட்டு மோசமான ஆள் இல்லை. நான் கொடுத்ததைப் பொறுமையாகப் படித்தார், ஒரு இடத்தில் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதன்பிறகு எல்லாவற்றையும் மாற்றி எழுதினார். முகாமின் பெயர் 'இளம் தலைமைப் பண்பு மேம்பாட்டு முகாம்' ஆனது. ஏரியில் கால் நனைப்பது நீர்வளம் குறித்த களப்பயிற்சி ஆனது. மரத்தடியில் படுத்துக் கிடப்பதற்குக்கூட ஒரு பெயர் வைத்தார், இப்போது ஞாபகம் இல்லை. பதினோராவது வரியை நீக்கிவிட்டார். குழந்தைகளுக்குக் கொடுக்கிறவர்கள் குழந்தைகளுக்குத்தான் கொடுப்பார்கள், முதலில் உள்ளே நுழையுங்கள், மற்றதை அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார்.

அண்ணி ஒத்துக்கொள்ளவில்லை. அவளை ஒத்துக்கொள்ள வைத்தது நான். இதை மறைக்க விரும்பவில்லை. மூன்று நாள் விடாமல் பேசினேன். பாதியாவது கிடைக்கட்டும், முகாமே இல்லாமல் போவதைவிட இது மேல் என்றேன். மூன்றாம் நாள் அவள் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, தாளை என் பக்கம் தள்ளினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

கடைசி நாள் மாலை ஐந்து மணியோடு இணையதளம் மூடிவிடும். தணிக்கை அறிக்கையின் கோப்பு அளவு பெரிதாக இருக்கிறது என்று அது மூன்று தடவை துப்பியது. நான்கு ஐம்பத்திரண்டுக்கு ஏற்றுக்கொண்டது. நான் நாற்காலியில் சாய்ந்து, அடுத்த அறை வரைக்கும் கேட்கிற மாதிரி மூச்சு விட்டேன்.

ஏழு வாரம் கழித்து முதல் சுற்றில் தேர்வாகிவிட்டோம் என்று கடிதம் வந்தது. நேர்காணலுக்கு வரச்சொல்லியிருந்தார்கள். அண்ணன் அன்று கடையைச் சீக்கிரம் மூடிவிட்டு வந்து, "தலைமைப் பண்பு தாயே, வாழ்க" என்று அண்ணிக்குக் கும்பிடு போட்டான். அவள் சிரிக்கவில்லை.

நேர்காணலுக்கு இரண்டு நாள் முன்பு அண்ணிக்கு ஒரு அழைப்பு வந்தது. வண்டியைத் தெருவுக்குள் திருப்பியபோதுதான் அது அலாரத்தின் வீடு என்று தெரிந்திருக்கிறது. அப்பாவுக்குச் சர்க்கரை இறங்கி மயக்கம். பெண் அவர் நாக்கில் தேனைத் தடவி, ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாசல் விளக்கைப் போட்டுவிட்டுக் காத்திருந்தாள். எல்லாம் சரியாகச் செய்திருந்தாள். ஸ்டிரெச்சரை இறக்கும்போது மாடிப்படியில் அண்ணியின் பின்னாலேயே வந்து கேட்டாளாம், "இந்த வருஷம் வீட்டுக்கு ஆள் அனுப்புவீங்களா? அனுப்பினா நான் வரேன்."

அண்ணி அவளுக்கு என்ன பதில் சொன்னாள் என்று நான் கேட்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக வண்டியைக் கிளப்பச் சாவி எந்தப் பக்கம் திருகுவது என்று மறந்துவிட்டது என்றாள்.

நேர்காணலுக்கு அவள் வேலை உடையிலேயே வந்தாள். கையில் ஒரு பழுப்பு உறை. அதில் என்ன என்று நான் கேட்கவில்லை, எனக்குத் தெரிந்துபோயிற்று.

அறக்கட்டளையின் அலுவலகம் ஒன்பதாவது மாடியில் இருந்தது. வழவழவென்ற நீண்ட மேஜை, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், சுவர் முழுக்கச் சிரிக்கும் குழந்தைகளின் படங்கள். எதிரே இரண்டு பேர். ஒருவர் அறக்கட்டளையின் இயக்குநர், என் அண்ணி வயதுதான் இருக்கும், மென்மையாகப் பேசுகிறவர். மற்றவர் கணக்காளர். இயக்குநர் எங்களை வாசல் வரை வந்து அழைத்துப் போனார். விண்ணப்பத்தை இரண்டு தடவை படித்ததாகவும், தலைமைப் பண்பை வளர்க்கும் பகுதி தனக்கு மிகவும் பிடித்திருந்ததாகவும் சொன்னார். அதைப் பற்றி இன்னும் கொஞ்சம் விளக்கும்படி அண்ணியைக் கேட்டார்.

அண்ணி உறையைப் பிரித்து, தன் கையெழுத்தில் இருந்த பழைய படிவத்தை மேஜைமேல் வைத்தாள்.

"மன்னிக்கணும். நீங்க படிச்சது நாங்க நடத்தற முகாம் இல்லைங்க. இதுதான் நாங்க நடத்தறது."

இயக்குநர் தாளை எடுத்து நிதானமாகப் படித்தார். பிறகு கணக்காளரிடம் தள்ளினார். அவர் விரல் பக்கங்களைத் தாண்டி நேராகச் செலவுத் திட்டத்துக்குப் போனது. எந்த வரியில் நிற்கும் என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அங்கேதான் நின்றது. முகாமுக்கே வராத பெரியவர்களுக்காகப் பாதிக்கு மேல் செலவு செய்கிற ஒரு குழந்தைகள் முகாமைத் தன் அனுபவத்தில் பார்த்ததில்லை என்றார்.

அண்ணி, வீட்டில் ஆள் இல்லாவிட்டால் பிள்ளையின் உடம்பு மட்டும்தான் முகாமில் இருக்கும் என்று விளக்கினாள். போன வருடம் நடந்ததையும் சொன்னாள், பெயர் சொல்லாமல்.

இயக்குநர் உண்மையாகவே வருத்தப்பட்டார். கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரு வழி சொன்னார். பதினோராவது வரியை அவர்களால் கொடுக்க முடியாது, விதி இடம் தராது. ஆனால் அறக்கட்டளையின் ஆண்டு விழாவுக்குப் பெரிய கொடையாளர்கள் வருவார்கள். அந்தப் பெண்ணே மேடையேறி மூன்று நிமிடம் தன் கதையைச் சொன்னால், அங்கேயே யாராவது எழுந்து அதற்கான பொறுப்பை ஏற்றுக்கொள்வார்கள். பெற்றோரின் சம்மதத்தோடுதான். அழகாகச் செய்யலாம் என்றார்.

"முடியாதுங்க," என்றாள் அண்ணி.

"கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. ஒரே ஒரு குழந்தை. மூணு நிமிஷம். அதனால முப்பது குழந்தைக்கு நல்லது நடக்கும்."

அண்ணி என்ன சொல்லியிருப்பாளோ தெரியாது. அதற்குள் நான் பேசிவிட்டேன். எனக்குப் பதினோரு வயதில் எங்கள் அம்மா இரண்டு வருடம் படுக்கையில் கிடந்தாள். அண்ணன் வேலை தேடி வெளியூர் போயிருந்தான், நான்தான் பார்த்துக்கொண்டேன். அதை நான் யாரிடமும் பேசியதில்லை. அண்ணிக்கு மட்டும் தெரியும்.

"எங்க அம்மாவுக்குத் துணி மாத்தினதெல்லாம் நான்தாங்க," என்றேன். "பள்ளிக்கூடத்துல ஒருத்தருக்கும் தெரியாது. தெரியாததாலதான் அங்க மட்டும் நான் சாதாரணப் பொண்ணா இருந்தேன். அன்னைக்கு யாராவது என்னை மேடையில ஏத்தியிருந்தா, மறுநாள் பள்ளிக்கூடத்து வாசலையே மிதிச்சிருக்க மாட்டேன்."

கணக்காளர் பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தார். இயக்குநர் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது, அதோடு இன்னொன்றும் இருந்தது. இந்தக் கதையும் மூன்று நிமிடத்தில் அடங்கும் என்ற கணக்கு. என் அனுமானம் தவறாக இருக்கலாம். ஆனால் நான் எழுந்துவிட்டேன். அண்ணி பழைய படிவத்தை எடுத்து உறைக்குள் வைத்து, அவர்கள் நேரம் ஒதுக்கியதற்கு நன்றி சொன்னாள்.

லிப்டில் கீழே இறங்கினோம். அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்து, நோயாளியிடம் செய்வதுபோல நாடி பார்த்தாள். "ஓடுது. பயப்படாத," என்றாள்.

மறுப்புக் கடிதம் பத்தே நாளில் வந்தது. எங்கள் பணி பாராட்டுக்குரியது என்றும், அவர்கள் முன்னுரிமைகளோடு பொருந்தவில்லை என்றும் எழுதியிருந்தது. இப்படிப்பட்ட கடிதங்களை நானே எத்தனையோ எழுதியிருக்கிறேன். பாராட்டு எந்த வரியில் வரும், 'இருப்பினும்' எந்த வரியில் வரும் என்று படிக்காமலே சொல்வேன். ஆனாலும் வலித்தது. அண்ணி அதைப் படித்து முடித்ததும் ஒரு வெள்ளைத்தாள் கேட்டாள். 'தங்கள் கடிதம் கிடைத்தது. முகாம் நடக்கும்' என்று இரண்டே வாக்கியத்தில் பதில் எழுதி, அதே முகவரிக்கு அனுப்பினாள்.

அதோடு நிற்கவில்லை. அந்த வாரமே முப்பது வீட்டுக்குக் கடிதம் போட்டாள். கோடை விடுமுறையின் மூன்றாம் வாரம் பத்து நாள் முகாம் தொடங்குகிறது, பிள்ளை வரும் நாளன்று காலை உங்கள் வீட்டுக்குத் துணைக்கு ஆள் வரும் என்று, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு.

எனக்கு விஷயம் தெரிந்தபோது கடிதங்கள் எல்லாம் போய்விட்டிருந்தன. அன்று நாங்கள் சண்டை போட்டோம். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு அவள் வந்ததிலிருந்து நான் அவளிடம் குரல் உயர்த்தியது அன்றுதான்.

"கையில ஒண்ணுமே இல்லாம எந்த தைரியத்துல தேதி போட்டீங்க?"

"தேதி போடாம இருந்ததால என்ன வந்துச்சு? நாமளே நடக்காதுன்னு பாதி நம்பிட்டு இருந்தோம். இப்ப நடத்தியே ஆகணும். அவ்வளவுதான்."

"நடக்கலன்னா?"

"நடக்கலன்னா முப்பது வீட்டுப் படியும் நானே ஏறி, நேர்ல சொல்றேன். நீ வர வேண்டாம்."

அண்ணன் எங்கள் இருவருக்கும் நடுவில் இரண்டு டம்ளர் தேநீரை வைத்துவிட்டு, தனக்கு இதில் சம்பந்தமே இல்லாததுபோலக் கடைக்குப் போய்விட்டான்.

மறுவாரம் அலுவலகத்தில் ஒரு விண்ணப்பம் என் மேஜைக்கு வந்தது. இடுப்பு முறிந்த ஒருவர், வீட்டுக்கு வந்து பார்த்துக்கொண்ட நர்சுக்கான செலவைக் கேட்டிருந்தார். அதை எந்தத் தலைப்பின் கீழ் சேர்ப்பது என்று பார்த்தேன். மருத்துவம், வீட்டுப் பராமரிப்பு. கையில் முத்திரையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பக்கத்து மேஜைக்காரி உடம்பு சரியில்லையா என்று கேட்டாள்.

பதினோராவது வரி குழந்தைகளுக்கான செலவே இல்லை. நோயாளிகளுக்கான செலவு. ஒரே விண்ணப்பத்தில் இரண்டையும் வைத்துக்கொண்டு, குழந்தைகளுக்குக் கொடுக்கிறவர்களிடம் போய் நின்றோம். எதையும் மறைக்க வேண்டியதில்லை, பெயர் மாற்ற வேண்டியதில்லை. உண்மையை இரண்டாக வெட்டி, எந்தப் பாதி யாருடையதோ அவர்களிடம் கொடுக்க வேண்டும். இத்தனை வருடம் படிவம் பார்க்கிறவளுக்கு இது ஆறு மாதம் கழித்துத்தான் உறைத்தது.

அன்று அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். நீளநோட்டைத் திறந்து நான் சிவப்பால் அடித்ததை எல்லாம் மறுபடி படித்தேன். நோயாளிகளுக்கு மட்டும், குழந்தைத் திட்டங்கள் வேண்டாம் என்று இருந்தது ஒரு நர்சிங் கல்லூரியின் நிதி. கடைசி வருட மாணவிகள் வீடுகளுக்குப் போய்ப் பராமரிப்புப் பயிற்சி எடுப்பதற்காக ஏற்படுத்தியது. பயிற்சி எடுக்க வீடுகள் வேண்டும் என்று அவர்களே விளம்பரம் செய்திருந்தார்கள். எங்களிடம் முப்பது வீடு இருந்தது.

விண்ணப்பம் நாலே பக்கம். பயனடைவோர் யார் என்ற கேள்விக்கு, நீண்டகால நோயாளிகள் முப்பது பேர் என்று எழுதினோம். இப்போது இவர்களைக் கவனிப்பது யார் என்ற கேள்விக்கு அண்ணி, 'அவர்களுடைய பிள்ளைகள், எட்டு வயது முதல் பதினான்கு வரை' என்று எழுதினாள். ஒரு வரிதான். கல்லூரி முதல்வர் அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு மறுநாளே போன் செய்தார். ஒரு நிபந்தனை போட்டார்: மாணவிகளைத் தனியாக விட முடியாது, அனுபவமுள்ள நர்ஸ் ஒருவர் எல்லா வீட்டுக்கும் தினமும் ஒரு நடை போய்ப் பார்க்க வேண்டும். அண்ணி உடனே ஒத்துக்கொண்டாள். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. "இது நம்ம வேலையை மாத்தச் சொல்றது இல்ல, சரியா செய்யச் சொல்றது. ரெண்டும் ஒண்ணா?" என்றாள். ஓய்வு பெற்ற தலைமை நர்ஸ் ஒருவரை அவளே பிடித்தாள்.

மற்ற பத்து வரிகளை எடுத்துக்கொண்டு சிறிய நிதிகளின் பக்கம் போனோம். ஓட்டுநர் சங்க நலநிதி வண்டிகளை ஏற்றுக்கொண்டது. பொம்மை வியாபாரம் செய்த ஒரு குடும்பம், விளையாட்டுக்காக மட்டும் ஒரு நிதி வைத்திருந்தது. அதன் படிவம் ஒரே ஒரு பக்கம். தொகை சிறியது என்று நான் முதலில் அடித்துவிட்டிருந்தேன். அதில் அண்ணியின் பதில்களில் ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல் எழுதி அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்து ஒரு பெண்மணி கூப்பிட்டார். பிள்ளைகள் எதுவும் கற்றுக்கொள்ள மாட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, தட்டச்சுப் பிழையா என்று கேட்டார். பிழை இல்லை, யோசித்துத்தான் எழுதினோம் என்றேன். மறுமுனையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. அடுத்த வாரம் ஒப்புதல் வந்தது.

இன்னும் இரண்டு இடத்தில் இல்லை என்றார்கள். ஓர் இடத்திலிருந்து இன்றுவரை பதிலே இல்லை. கூட்டிப் பார்த்தால் பத்து நாளுக்குப் போதவில்லை, ஏழு நாளுக்குத்தான் வந்தது. முப்பது பிள்ளைகளைக் குறைப்பதா, நாளைக் குறைப்பதா என்று நாங்கள் பேசக்கூட இல்லை. அண்ணி முப்பது வீட்டுக்கும் மறுபடி கடிதம் எழுதினாள், பத்து என்று சொன்னேன், ஏழுதான் முடிந்தது, மன்னிக்கவும் என்று. தொடங்கும் தேதி மாறவில்லை.

அன்று காலை ஏழு மணிக்கு முப்பது வாசலில் முப்பது நர்சிங் மாணவிகள் நின்றார்கள். அலாரத்தின் வீட்டுக்குப் போன மாணவி பிறகு சொன்னாள்: அந்தப் பெண் அரைமணி நேரம் அவளைக் கேள்வி கேட்டுத் துளைத்தெடுத்துவிட்டு, ஊசி போடச் சொல்லிப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் பையை எடுத்தாளாம். கல்லூரியில்கூட இப்படி ஒரு தேர்வு எழுதியதில்லை என்றாள்.

முகாமில் முதல் இரண்டு நாள் பிள்ளைகள் தூங்கினார்கள். காலையில் தூங்கினார்கள், சாப்பிட்டுவிட்டுத் தூங்கினார்கள், ஊஞ்சலில் உட்கார்ந்தபடியே தூங்கினார்கள். அண்ணன் கடையைப் பூட்டிவிட்டு வந்து சமையல் பொறுப்பை ஏற்றிருந்தான். சாப்பிட ஆள் வராமல் அகப்பையோடு வாசலில் நின்று, "நான் முகாமுக்கு வந்தேனா, கும்பகர்ணன் வீட்டு விசேஷத்துக்கு வந்தேனா?" என்று புலம்பினான். எழுப்பக் கூடாது என்று அண்ணி கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். அவன் அடுப்பைத் தணித்துத் தணித்துச் சூடாகவே வைத்திருந்தான்.

மூன்றாம் நாள் ஒருவரும் காணாமல் போகவில்லை. காலையில் நான் இரண்டு தடவை எண்ணினேன். முப்பது.

நாலாம் நாள் முற்பகல், நானும் அண்ணியும் விடுதி வாசலில் உட்கார்ந்து ஈரத்துண்டுகளை உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தோம். இந்த வருடம் முதல் தடவையாக வந்திருந்த ஒரு பெண் எங்களை நோக்கி வந்தாள். பன்னிரண்டு வயது. வீட்டில் அம்மாவையும், அவளுக்குக் கீழே இருக்கும் இரண்டு தம்பிகளையும் அவள்தான் பார்க்கிறாள். வந்த நாளிலிருந்து சமையலறையில் புகுந்து பாத்திரம் கழுவப் பார்ப்பாள், நாங்கள் துரத்திவிடுவோம். எங்கள் எதிரே வந்து நின்று, கையை என்ன செய்வது என்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"ஆன்ட்டி, எனக்கு ஒரு மாதிரி இருக்கு."

அண்ணியின் கை உடனே அவள் நெற்றிக்குப் போனது. காய்ச்சல் இல்லை. வயிறு வலிக்கிறதா, தலை சுற்றுகிறதா என்று கேட்டாள். எல்லாவற்றுக்கும் இல்லை என்று தலையாட்டினாள். வீட்டு ஞாபகமா என்றாள். அதுவும் இல்லை, காலையில்தான் அம்மாவோடு பேசினாளாம். அம்மா அந்த நர்ஸ் அக்காவோடு சீட்டு விளையாடிக்கொண்டிருந்தாளாம்.

"அப்புறம் என்னம்மா?"

"செய்யறதுக்கு ஒண்ணுமே இல்ல. எல்லா விளையாட்டும் விளையாடியாச்சு. தூக்கமும் வரல." அவளுக்கு அதைச் சொல்லவே கூச்சமாக இருந்தது. "போரடிக்குது ஆன்ட்டி."

அண்ணி கையிலிருந்த துண்டைக் கீழே வைத்தாள். அவள் முகத்தில் அப்போது வந்ததை, பெரிய அறக்கட்டளையின் முதல் கடிதம் வந்தபோதும் நான் பார்க்கவில்லை, கல்லூரி முதல்வர் போன் செய்தபோதும் பார்க்கவில்லை.

"அடிக்கட்டும்," என்றாள். "நல்லா அடிக்கட்டும். போய் அந்த மரத்தடியில உட்காரு. மதியம் வரைக்கும் அடிக்குதான்னு பார்த்துட்டு வந்து சொல்லு."

அந்தப் பெண் எங்களை ஒரு தடவை சந்தேகமாகப் பார்த்தாள். பிறகு மெதுவாக நடந்துபோய் மரத்தடியில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் புல்லைப் பிடுங்கினாள். ஒரு செருப்பைக் கழற்றித் தூரப் போட்டாள். அது விழுந்த இடத்தைப் பார்த்துவிட்டு, இன்னொன்றையும் கழற்றி அதைவிடத் தூரம் போட்டாள்.